குருவி இறந்த வீட்டில் நாயகம் காட்டிய பரிவு
(வளர்த்த பிராணி இறந்துவிட்டால் வீட்டார் அறிய வேண்டிய மார்க்க விளக்கங்கள்)



பூமியில் ஊர்ந்து திரியும் பிராணிகளும், இறக்கை விரித்துப் பறக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்லாஹ் தஆலா அல்அன்ஆம் சூராவின் 38-வது ஆயத்தில் அறிவிக்கிறான். வாயில்லா ஜீவன் என்று நாம் அலட்சியமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அவற்றுக்கும் ரப்பு உண்டு, ரிஸ்கு உண்டு, தவணை உண்டு. அந்தத் தவணை நம் வீட்டு முற்றத்தில் முடியும்போது நாம் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்பதை நம்மவர்களில் பலர் அறிந்திருப்பதில்லை. அதைப் பற்றியே இந்தப் பாடம்.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு ஏறிச் சென்றவர்கள் சேர்வராயன் மலையின் வாழ்க்கையை அறிவார்கள். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். காப்பித் தோட்டங்களும் மிளகுக் கொடிகளுமாக, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நெடுந்தூரம் இருக்கும். மாலை மங்கியதும் மூடுபனி இறங்கிவிடும். இத்தகைய இடத்தில் காவலுக்கு நாய், எலிக்குப் பூனை, பாலுக்கு ஆடு என்று பிராணிகளும் வீட்டு மனிதர்களோடு சேர்ந்தே வாழ்கின்றன. மே மாதத்தில் ஏற்காட்டில் நடைபெறும் கோடை விழாவில் நாய்கள் கண்காட்சியும் ஓர் அங்கமாக இருந்து வருகிறது என்றால், அம்மலையில் பிராணிகளுக்கு உள்ள இடத்தை ஊகித்துக் கொள்ளலாம்.

அம்மலையில் ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதும் சகோதரர் ஒருவர் ஜும்ஆவுக்குப் பின் தனியே வந்து ஒரு விஷயத்தைக் கேட்டார். அவருடைய ஒன்பது வயது மகள் நான்கு வருடமாக வளர்த்த பூனை, இரவில் வெளியே போன சமயம் சாலையில் வண்டியில் அடிபட்டு இறந்துவிட்டது. பிள்ளை அழுதாள். பூனைக்காக அழுவது ஹராம், அழுதால் அல்லாஹ் கோபிப்பான் என்று வீட்டுக்கு வந்த பெரியவர் ஒருவர் அதட்டிவிட்டார். அன்று முதல் பிள்ளை அழுவதை நிறுத்திவிட்டாள். ஆனால் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டாள். ஓதப் போவதற்கும் முரண்டு பிடிக்கிறாள். தாயிடம் மட்டும் மூன்று கேள்விகளைக் கேட்டாளாம். அழுதது பாவமா? கதவைச் சாத்தாமல் விட்டது நான்தானே, என்னால்தானே செத்தது? அது இப்போது எங்கே இருக்கிறது?

சகோதரர்களே! இவை சிறுபிள்ளைக் கேள்விகள் என்று தள்ளத்தக்கவையல்ல. தான் நேசித்த ஒன்றை இழந்த பிள்ளை, முதன்முதலாக மௌத்தைப் பற்றியும் அல்லாஹ்வைப் பற்றியும் கேட்கும் கேள்விகள் இவை. இந்த நேரத்தில் நாம் சொல்லும் பதிலே அவளுடைய உள்ளத்தில் ரப்பைப் பற்றிய எண்ணமாக நிலைத்துவிடும். ஆகையால் சொந்த யூகத்தால் ஹராம் என்று சொல்லிவிடாமல், மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

அபூ உமைரின் குருவி

நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் பணியாளரான அனஸ் ரழியல்லாஹு அன்ஹு அவர்களுக்குத் தாய்வழியில் ஒரு தம்பி இருந்தார். அவர் அபூ தல்ஹா, உம்மு சுலைம் தம்பதியரின் மகன். சிறு குழந்தையாயிருந்தும் அவரை அபூ உமைர் என்று அழைத்து வந்தார்கள். அவரிடம் விளையாட ஒரு சின்னஞ்சிறு குருவி இருந்தது. அதை அரபியில் நுகைர் என்பர். நாயகம் (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் அக்குழந்தையோடு கொஞ்சிப் பேசுவார்கள். ஒரு நாள் வந்தபோது குழந்தையின் முகம் வாடியிருந்தது. காரணம் கேட்டார்கள். அவன் விளையாடி வந்த குருவி இறந்துவிட்டது என்றனர் வீட்டார். உடனே குழந்தையின் பக்கம் திரும்பி, அவனுடைய பெயரும் குருவியின் பெயரும் ஒன்றுக்கொன்று இசைந்து ஒலிக்கும்படியாக, குருவிக்கு என்ன ஆயிற்று என்று அன்போடு விசாரித்தார்கள்.

இந்த ஹதீஸின் மூலம் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது; குருவி இறந்ததையும் குழந்தை வாடியிருந்ததையும் பற்றிய விவரம் முஸ்னது அஹ்மது போன்ற கிதாபுகளில் வருகிறது. ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்களில் ஒருவரும் ஹிஜ்ரி 335-ல் வஃபாத்தானவருமான இப்னுல் காஸ் ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்கள், இந்த ஒரு சிறு ஹதீஸிலிருந்து மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட பயன்களை எடுத்துத் தனி ஏடே எழுதினார்கள். அஸ்கலானீ இமாம் அவர்கள் தமது ஃபத்ஹுல் பாரீயில் அதைச் சுருக்கித் தந்துள்ளார்கள்.

நாம் இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, மதீனாவின் அத்தனை பொறுப்புகளையும் சுமந்திருந்த நபியவர்கள், ஒரு குழந்தையின் முகவாட்டத்தைக் கண்டுகொண்டார்கள், காரணத்தைக் கேட்டறிந்தார்கள். இரண்டாவது, இறந்தது வெறும் குருவிதானே என்று சொல்லவில்லை. வேறு குருவி பிடித்துத் தருகிறேன் என்று வாயை அடைக்கவுமில்லை. மூன்றாவது, குருவியைப் பற்றிய பேச்சைத் தவிர்க்காமல், அதைப் பற்றியே குழந்தையிடம் கேட்டார்கள். துக்கப்பட்டவனைப் பேச விடுவது அவனுக்கு ஆறுதல். ஆகவே வீட்டில் பிராணி இறந்தால், பிள்ளைகளைப் பக்கத்தில் அமர்த்தி, அது எப்படி விளையாடும், எங்கே தூங்கும் என்று அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது சுன்னத்தான பண்பைப் பின்பற்றுவதாகும்.

அழுதது பாவமா?

பாவமில்லை. கண்ணீர் என்பது அல்லாஹ் உள்ளத்தில் வைத்த ரஹ்மத்தின் அடையாளம். நாயகம் (ஸல்) அவர்கள் தமது அருமை மகனார் இப்ராஹீம் வஃபாத்தானபோது கண்ணீர் வடித்தார்கள். கண் அழுவதையும் உள்ளம் வருந்துவதையும் அனுமதித்தார்கள். நாவு மட்டும் ரப்புக்குப் பொருத்தமில்லாததைச் சொல்லக்கூடாது என்று எல்லை வகுத்தார்கள். தடுக்கப்பட்டவை எவை என்றால், ஒப்பாரி வைப்பது, கன்னத்தில் அறைந்து கொள்வது, சட்டையைக் கிழிப்பது, அல்லாஹ்வின் விதியைக் குறை சொல்வது ஆகியவையே. மனிதர் மௌத்துக்கே இவை கூடாது என்றிருக்க, பிராணிக்குக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கணவனை இழந்த மனைவி தவிர, மற்ற எவரும் எந்த மனிதருக்காகவும் மூன்று நாளுக்கு மேல் துக்கச் சடங்கு அனுஷ்டிக்கக்கூடாது என்பது ஹதீஸ். இது அலங்காரம் துறந்து துக்கம் காப்பதைப் பற்றியது. உள்ளத்திலுள்ள வருத்தத்துக்கு நாள் கணக்கு வைக்க யாராலும் முடியாது. மார்க்கம் வைக்கவும் இல்லை. ஆனால் அந்த வருத்தம் தொழுகையைக் களாவாக்குமானால், பெற்றோருக்கும் பிள்ளைக்கும் செய்ய வேண்டிய கடமையை மறக்கச் செய்யுமானால், அங்கே நம்மை நாமே தடுத்துக்கொள்ள வேண்டும்.

சிறிய இழப்பானாலும் இன்னா லில்லாஹி ஓதலாம். ஒரு முள் குத்தினால்கூட அதன் காரணமாக முஃமினின் பாவங்கள் மன்னிக்கப்படுகின்றன என்பது ஸஹீஹான ஹதீஸ். முள்ளுக்கே இப்படியென்றால், உள்ளத்தில் தைத்த துயரத்துக்கு அல்லாஹ்விடம் கூலி இல்லாமற் போகுமா?

என்னால்தானே செத்தது?

பிராணியை இழந்தவர்களை அதிகம் வாட்டுவது இந்தக் கேள்விதான். கதவைச் சாத்தியிருந்தால், முந்தின நாளே வைத்தியரிடம் கொண்டு போயிருந்தால் என்று மனம் திரும்பத் திரும்பக் கேட்கும். நடந்து முடிந்த ஒன்றைக் குறித்து இப்படிச் செய்திருந்தால், அப்படிச் செய்திருந்தால் என்று பேசிக் கொண்டிருப்பது ஷைத்தானின் வேலைக்கு வழி திறக்கிறது என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். நம்மால் ஆனதைச் செய்துவிட்டு, நடந்ததை அல்லாஹ்வின் கத்ரு என்று ஏற்பதே ஈமானின் வழி.

இங்கே ஒரு வித்தியாசத்தை உணர வேண்டும். பூனையைக் கட்டிப் போட்டு, தீனியும் கொடுக்காமல், தானே இரை தேடவும் விடாமல் சாகடித்த ஒரு பெண் அதன் காரணமாக வேதனைக்குள்ளானாள் என்று ஹதீஸில் வந்துள்ளது. அது கொடுமை. வளர்க்கும் பிராணிக்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பது உடையவர் மீது வாஜிபாகும். அதில் வேண்டுமென்றே குறை வைத்தவர் தவ்பா செய்யட்டும். இனி வளர்ப்பவற்றிடம் திருத்திக் கொள்ளட்டும். ஆனால் நான்கு வருடம் தன் தட்டிலிருந்து மீன் எடுத்து ஊட்டிய பிள்ளை, ஓர் இரவு கதவைச் சாத்த மறந்தது கொடுமையல்ல, மறதி. மறதிக்குக் குற்றம் பிடிக்கப்படுவதில்லை. இதை அந்தப் பிள்ளையிடம் தந்தையே தம் வாயால், தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிள்ளைகள் அந்தப் பாரத்தை வருடக்கணக்கில் உள்ளே சுமப்பார்கள்.

அது எங்கே போயிற்று?

ஊருக்குப் போயிருக்கிறது, திரும்பி வரும் என்று பிள்ளைகளிடம் பொய் சொல்லாதீர்கள். பொய் பொய்தான், அதோடு, காத்திருந்து ஏமாறும் பிள்ளை இரண்டாம் முறையும் துக்கப்படும். இறந்துவிட்டது என்றே சொல்லுங்கள்.

மறுமையில் விலங்குகளும் ஒன்று திரட்டப்படும் என்பது அத்தக்வீர் சூராவின் 5-வது ஆயத்து. கொம்பில்லாத ஆட்டுக்காகக் கொம்புள்ள ஆட்டிடம் கணக்குத் தீர்க்கப்படும் என்று முஸ்லிமில் ஹதீஸ் உள்ளது. அதன்பின் அவை மண்ணாகிவிடும் என்று அந்நபஃ சூராவின் கடைசி ஆயத்துக்கு முஃபஸ்ஸிரீன்கள் விளக்கம் தந்துள்ளார்கள். அவற்றுக்குக் கப்ரு கேள்வி இல்லை. நரக வேதனை இல்லை. ஓர் ஆட்டுக்கு இழைத்த அநீதியைக்கூட மறக்காத ரப்பு, உன் பூனைக்கு அநியாயம் செய்ய மாட்டான் என்று பிள்ளையிடம் சொல்லலாம். நான் சொர்க்கத்துக்குப் போனால் அது கிடைக்குமா என்று கேட்டால், சொர்க்கவாசிகளின் உள்ளம் விரும்புவதெல்லாம் அங்கே உண்டு என்று அஸ்ஸுக்ருஃப் சூராவின் 71-வது ஆயத்தில் அல்லாஹ் வாக்களித்திருக்கிறான். நீ முதலில் அங்கே போகும் அமலைச் செய், கேட்பதை அவனிடம் கேள் என்று சொல்லுங்கள். இதற்கு மேல் உறுதி கூறவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம்.

புதைப்பதிலுள்ள மஸ்அலாக்கள்

பிராணிக்குக் குளிப்பாட்டுதல், கஃபன், ஜனாஸா தொழுகை எதுவும் கிடையாது. முஸ்லிம்களின் கப்ருஸ்தானில் புதைக்கக்கூடாது. ஃபாத்திஹா ஓதுவது, மூன்றாம் நாள், நாற்பதாம் நாள் என்று சோறாக்குவது, மண்மேல் கட்டடம் எழுப்புவது யாவும் அடிப்படையற்றவை. அதே சமயம், குப்பையில் வீசுவதும் ஓடையில் தள்ளுவதும் பிறருக்குத் தீங்கு தரும் செயலாகும். மலைப் பகுதியில் ஊற்றுத் தண்ணீரையே பலர் குடிக்கிறார்கள். ஆகவே கிணறு, ஊற்று, ஓடைக்கு எட்டத்தில், மூன்றடிக்குக் குறையாமல் குழி தோண்டிப் புதைத்து, காட்டுப்பன்றி கிளறாதபடி மேலே கற்களை அடுக்கிவிடுவது நல்லது.

செத்த பூனையும் செத்த ஆடும் நஜீஸ். ஈரக் கையால் தொட்டால் கையைக் கழுவ வேண்டும். ஆனால் அதனால் ஒளு முறியாது, குளிப்பும் கடமையாகாது. தானே செத்த ஆடு மாடுகளை அறுத்தது போல் விற்பது ஹராம் என்பதோடு பெரும் மோசடியுமாகும். அவற்றின் தோலை மட்டும் பதனிட்டுப் பயன்படுத்தலாம். மைமூனா ரழியல்லாஹு அன்ஹா அவர்களின் வீட்டாருக்குச் சேர்ந்த ஆடு ஒன்று செத்தபோது, அதன் தோலைப் பயன்படுத்தியிருக்கலாமே என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டதே இதற்கு ஆதாரம்.

பூனையைப் பற்றி ஒரு கதை நம்மிடையே வழங்குகிறது. நாயகம் (ஸல்) அவர்களின் அங்கியில் பூனை தூங்கியதாகவும், அதை எழுப்பாமல் கையை வெட்டி எடுத்துக் கொண்டு எழுந்ததாகவும் சொல்வார்கள். நம்பத்தகுந்த ஹதீஸ் கிதாபுகளில் இது இல்லை. ஷைகு அஹ்மது கபீர் ரிஃபாஈ (ரஹ்) அவர்களின் வரலாற்றில்தான், சட்டைக் கையை வெட்டியெடுத்து, தொழுகை முடிந்து வந்து தைத்துக் கொண்டதாக இத்தகைய நிகழ்ச்சி எழுதப்பட்டுள்ளது. நாயகத்தின் பேரால் சொல்லும் எதையும் விசாரித்துச் சொல்வது நம் கடமை.

நாய் வளர்ப்போர் கவனத்திற்கு

வேட்டைக்கும், கால்நடைக்கும், விவசாயத்துக்கும் காவலாக நாய் வளர்க்க ஹதீஸில் அனுமதி உண்டு. தோட்டக் காவலும் இதில் அடங்கும். தேவையின்றி வளர்ப்பவரின் நன்மையில் தினமும் குறையும் என்ற எச்சரிக்கையும் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் நாய் ஈரத்துடன் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து, கழுவ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அதன் எச்சில் நஜீஸ். மூன்று முறை கழுவினால் போதும். அவரவர் மத்ஹபின்படி அமல் செய்து கொள்க.

ஆனால் நஜீஸ் என்பது வேறு, இரக்கத்துக்குத் தகுதியற்றது என்பது வேறு. தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றிலிறங்கி நீர் கொண்டு வந்து கொடுத்தவரின் பாவங்களை அல்லாஹ் மன்னித்தான். குகைவாசிகளான நல்லடியார்களைப் பற்றிச் சொல்லும்போது, வாசலில் கால் நீட்டிக் கிடந்த அவர்களுடைய நாயையும் அல்லாஹ் தன் வேதத்தில் சேர்த்துச் சொல்கிறான். பத்து வருடம் பனியிலும் மழையிலும் தோட்டம் காத்த நாய்க்காக ஒரு தொழிலாளி கண் கலங்கினால் அவரை ஏளனம் செய்யாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. நாயோ பூனையோ வெறி கொண்டது போல் நடந்து, எச்சில் வடிந்து, சில நாளில் இறந்திருந்தால் வெறுங்கையால் தொடக்கூடாது. கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். அது கடித்தோ பிறாண்டியோ இருந்தால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக் கொள்ள வேண்டும். அங்கே அது இலவசம். வெறிநோய் முற்றிய பிறகு உயிர் பிழைப்பது மிக மிக அரிது. மந்திரித்துக் கொள்வதோடு நிறுத்துவது தவக்குல் ஆகாது.

நோயால் துடிக்கும் பிராணி

முதலில் வைத்தியம் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னால் கால்நடை மருத்துவ வண்டி வரும் ஏற்பாடு உள்ளது. குணமாகாது என்று மருத்துவர் கைவிட்ட பின், ஊசி போட்டு உயிரைப் போக்கலாமா என்று கேட்கிறார்கள். உண்ணக்கூடாத பிராணியை வேதனை தீர்ப்பதற்காகவும் அறுக்கக்கூடாது என்பது நம் மதரஸாக்களில் ஓதப்படும் ஃபத்ஹுல் முஈன் கிதாபில் உள்ள ஷாஃபிஈ சட்டம். ஹனஃபி மத்ஹபில், நோயுற்றுப் பயனற்றுப் போன கழுதையை அதன் வேதனை தீர அறுப்பதில் குற்றமில்லை என்று ஃபதாவா கிதாபில் அனுமதி வந்துள்ளது. ஆகவே தம் மத்ஹபை அறிந்த ஆலிமிடம் நிலைமையை விளக்கிக் கேட்டே செய்ய வேண்டும். செலவு மிச்சம் என்பதற்காகவோ, பராமரிக்கச் சலித்தோ கொல்வதற்கு ஒருவரும் அனுமதி தரவில்லை.

குர்பானி ஆடும் குழந்தைகளும்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மாதக்கணக்கில் முன்பே ஆடு வாங்கி வளர்க்கும் வீடுகளில் பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்து, தழை கொடுத்து, கூடவே படுத்தும் தூங்குவார்கள். பெருநாளன்று அது அறுக்கப்படும்போது கதறுவார்கள். இதற்குப் பெற்றோர் முன்கூட்டியே தயார் செய்ய வேண்டும். ஆட்டை வாங்கிய அன்றே, இது அல்லாஹ்வுக்காக என்று சொல்லிவிடுங்கள். நேசிப்பதைக் கொடுத்தால்தான் முழு நன்மை என்ற ஆலு இம்ரான் சூராவின் 92-வது ஆயத்தை விளக்குங்கள். அழும் பிள்ளையைக் கட்டாயப்படுத்தி அறுக்கும் இடத்தில் நிறுத்தாதீர்கள். கத்தியைப் பிராணியின் கண்முன் தீட்டுவதை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். கத்தி கூர்மையாயிருக்கட்டும், அறுக்கப்படும் பிராணிக்கு நிம்மதி கொடுங்கள் என்ற கருத்தில் ஏவினார்கள். தான் வளர்த்த ஆடு கண்ணியமாகக் கையாளப்பட்டது என்று பிள்ளை அறிந்தாலே பாதி துக்கம் குறையும்.

அமானத்து

உடனே வேறொரு பூனையை வாங்கி வந்து பிள்ளையை மறக்கடிக்க அவசரப்படாதீர்கள். அதற்குப் பதில் ஒரு நல்ல காரியத்தில் கை வைக்கச் சொல்லுங்கள். ஈரமான ஈரல் உள்ள ஒவ்வொன்றுக்கும் செய்யும் உபகாரத்தில் கூலி உண்டு. ஒருவர் நட்ட மரத்திலிருந்து ஒரு பறவை தின்றாலும் அது அவருக்கு ஸதகா. கோடையில் முற்றத்தில் ஒரு சட்டித் தண்ணீர் வைக்கட்டும்; ஒரு கொய்யாக் கன்று நடட்டும். இந்த நன்மை இறந்த பிராணிக்குப் போய்ச் சேருவதில்லை, அதற்குத் தேவையுமில்லை. செய்த பிள்ளைக்கே அது எழுதப்படும்.

குருவிக்காக வாடிய அபூ உமைரின் வரலாறு அத்தோடு முடியவில்லை. சிறு வயதிலேயே வஃபாத்தான உம்மு சுலைமின் மகன் அவர்தாம் என்று ஹதீஸ் விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். அன்றிரவு வெளியிலிருந்து வந்த கணவருக்கு உணவு கொடுத்து இளைப்பாறச் செய்த பின், இரவல் கொடுத்தவர்கள் தங்கள் பொருளைத் திருப்பிக் கேட்டால் மறுக்கும் உரிமை நமக்கு உண்டா என்று அத்தாய் கேட்டார்கள். இல்லை என்றார் கணவர். அப்படியானால் உங்கள் மகன் விஷயத்தில் பொறுமை கொள்ளுங்கள் என்றார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அவ்விருவருக்கும் துஆ செய்தார்கள். பின்னர் அவர்களுக்கு அப்துல்லாஹ் என்ற மகன் பிறந்தார். அவருடைய மக்கள் குர்ஆன் ஓதியவர்களாக விளங்கினர்.

பாருங்கள், ஒரே வீடு! அங்கே ஒரு குருவியின் மௌத்தும் மதிக்கப்பட்டது. அதே வீட்டில் ஒரு மகனின் மௌத்தும் பொறுமையோடு ஏற்கப்பட்டது. குருவியும் இரவல், மகனும் இரவல், நாமும் இரவலே. நம்மிடம் தரப்பட்ட காலம் வரை அதை நன்றாகப் பேணினோமா என்பதே கேட்கப்படும். தன் கையால் ஒரு சிறு உயிரைப் பேணி, அதை இழந்தபோது அழுது, பிறகு அல்லாஹ்வின் தீர்ப்பை ஏற்கக் கற்றுக் கொண்ட பிள்ளை, நாளை நம் மௌத்தின்போதும் நிலைகுலையாமல் நமக்காகக் கையேந்தும்.

வல்ல ரஹ்மான் நம் உள்ளங்களில் எல்லா உயிர்களின் மீதும் இரக்கத்தையும், இழப்பில் அழகிய பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.